வல்லியின் நடை

கால் வழுக்குகிறது. ஊன்றிய கால் ஊன்றிய இடத்திலேயே நிற்க வேண்டும், உடம்புதான் அதைத் தாண்டி முன்னால் போக வேண்டும், ஆனால் திரையில் இந்தக் குச்சி மனுஷி பாதத்தைத் தரையில் வைத்த பிறகும் அந்தப் பாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நழுவிக்கொண்டே இருக்கிறது, எண்ணெய் கொட்டிய தரையில் நடக்கிறவளைப்போல. அருணகிரி மவுஸைப் பிடித்தபடி மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டார். தலைக்கு ஒரு வட்டம், கொண்டைக்கு இன்னொரு சின்ன வட்டம், முதுகுக்கு ஒரு கோடு, கை கால் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு, முட்டியில் ஒரு மடிப்பு, இவ்வளவுதான் ஆள். இவ்வளவு சொற்பமான ஆளை நடக்க வைக்க நாள் கணக்கில் உட்கார வேண்டியிருக்கிறது. காலையில் பிசியோதெரபி தருகிற ஷபானா வந்து அவர் மனைவி வல்லிக்குக் கால் பயிற்சியும் கைப் பயிற்சியும் கொடுத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பயிற்சி முடிந்தால் வல்லி தூங்கிவிடுவாள், பக்கவாதம் வந்ததிலிருந்து அப்படித்தான், நாலு அடி நடந்தால் நாலு ஊர் போய் வந்த களைப்பு. உள்ளறைக் கதவு திறந்தே இருக்கிறது. மூச்சு கேட்கிறதா. கேட்கிறது. ஓசூரில் இந்த மாதத்தில் மின்விசிறி வேண்டியதில்லை, வேண்டியிருந்தாலும் அவர் போட மாட்டார், போட்டால் மூச்சு கேட்காது. கம்ப்யூட்டருக்குள் சுழலும் அந்தச் சின்ன விசிறியைக்கூட நிறுத்த வழியிருந்தால் நிறுத்திவிடுவார். இரண்டாவது தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொன்னார், சொல்லிவிட்டு உடனே, எல்லாருக்கும் வரும்னு இல்ல சார், என்றும் சொன்னார், ஆனால் இரண்டாவதாகச் சொன்னது காதில் தங்கவில்லை. நழுவுகிறது. பாதத்தைப் பிடித்து அதே இடத்தில் ஆணி அடித்ததுபோல வைத்து, இடுப்பை மட்டும் நகர்த்து. இப்போது நழுவவில்லை. ஆனால் இப்போது அவள் நடக்கவில்லை, யாரோ மேலிருந்து நூல் கட்டித் தூக்கிப் போகிறார்கள்.

எண்ணெய் கொட்டிய தரைதான் அவர் செய்த முதல் படம். மோட்டார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பயிற்சிப் பிரிவில் வேலை, புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காட்ட ஒரு நிமிஷப் படங்கள். ஏணி சரியாகச் சாய்க்காவிட்டால் என்ன ஆகும், பாரத்தை முதுகால் தூக்கினால் என்ன ஆகும், ஓடுகிற இயந்திரத்துக்குள் கையை விட்டால் என்ன ஆகும். எல்லாவற்றிலும் ஒரே குச்சி மனிதன். கேண்டீனில் அவனுக்குக் குச்சிராசு என்று பெயர் வைத்திருந்தார்கள், யாராவது தடுக்கி விழுந்தால், குச்சிராசு ஆயிட்டான்டா, என்று சிரிப்பார்கள். விழுவது அவருக்கு நன்றாக வரும். கால் முன்னால் பறக்கும், தலை பின்னால் தங்கும், கைகள் காற்றில் பிடிமானம் தேடும், ஒரு கணம் உடம்பு முழுக்க அந்தரத்தில் தயங்கும், பிறகு முதுகு, பிறகு தலை, தலை ஒருமுறை எம்பி மறுபடி விழும். அந்தத் தயக்கத்தில்தான் உயிர் இருக்கிறது என்று அவர் தானாகவே கண்டுபிடித்தார், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நடப்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. குச்சிராசு திரையின் இந்த ஓரத்திலிருந்து வருவான், விழ வேண்டிய இடம் வரைக்கும் வருவான், அவ்வளவுதான் அவன் நடை. ஒருமுறை அந்த நடையைச் சரிசெய்கிறேன் என்று அவர் உட்கார்ந்தபோது மேலாளர் தோளில் தட்டி, நடக்கறத யார் பாக்கப்போறாங்க அருணகிரி, விழறத நல்லா பண்ணுங்க போதும், என்றார். சரியாகத்தான் சொன்னார். யார் பார்த்தார்கள். ஓய்வு பெறுகிற வரைக்கும் விழவைத்தார், எத்தனை விதமாக, எத்தனை உயரத்திலிருந்து. வல்லி விழுந்தபோது அது அதில் எதைப்போலவும் இல்லை. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தவள், துணியை விடாமல், பிழிந்த முறுக்கு பிரியாமல், சுவரோடு சுவராக இறங்கினாள். கை எதையும் தேடவில்லை. தயக்கமே இல்லை. அவர் கொல்லை வாசலில்தான் நின்றிருந்தார், ஓடிப்போய்ப் பிடித்தார், தலை கல்லில் படாமல் பிடித்தார், அதில் குறை ஒன்றுமில்லை, ஆஸ்பத்திரியிலும் சீக்கிரம் கொண்டுவந்துட்டீங்க என்றுதான் சொன்னார்கள். ஆனால் அந்த இறக்கம் கண்ணை விட்டுப் போகவில்லை. விழுவதை அத்தனை வருஷம் தப்பாக வரைந்திருக்கிறேனோ. அல்லது அது விழுவதே இல்லையோ, வேறு ஏதோ ஒன்றோ.

ஷபானா கேட்டது சாதாரணமாகத்தான். சின்னப் பெண், கையில் எப்போதும் நீலப் பை, வல்லியை அம்மா என்றும் அவரை அங்கிள் என்றும் கூப்பிடுவாள். "அம்மா முன்னாடி எப்படி நடப்பாங்கன்னு ஏதாவது வீடியோ இருக்கா அங்கிள். சில பேருக்குத் தன்னோட பழைய நடையப் பாத்தா ஒரு பிடி கிடைக்கும். இருந்தா தேடி வைங்க." இல்லாமலா போகும் என்று அவர் உடனே செல்போனை எடுத்தார். எத்தனை வீடியோ. கோயில், கல்யாணம், மகள் சுடர் பட்டம் வாங்கியது, கொடைக்கானல். கொடைக்கானலில் அவர் நடக்கிறார், சுடர் நடக்கிறாள், வல்லி இல்லை, ஏனென்றால் எடுத்தவள் வல்லி, இரண்டு இடத்தில் அவள் சிரிப்பு மட்டும் மிக அருகில் கேட்கிறது. கல்யாண வீடுகளில் அவள் உட்கார்ந்திருக்கிறாள், பரிமாறுகிறாள், யாரோடோ குனிந்து பேசுகிறாள். பூனாவிலிருக்கும் சுடருக்கு போன் போட்டுக் கேட்டபோது அவளும் தேடிவிட்டு, ஒண்ணு இருக்குப்பா, என்று அனுப்பினாள். காலேஜ் வராந்தாவில் வல்லி கேமராவை நோக்கி வருகிறாள், இரண்டே எட்டு, அதற்குள் தன்னை எடுக்கிறார்கள் என்று தெரிந்து நின்றுவிடுகிறாள், முந்தானையைச் சரிசெய்கிறாள், எடுக்காதடி என்கிறாள். அந்த இரண்டு எட்டை எத்தனை தடவை பார்த்தார் என்று கணக்கில்லை. புடவை. இடுப்பிலிருந்து தரை வரைக்கும் புடவை. கொசுவத்தின் அடியில் செருப்பு நுனி எட்டிப்பார்த்து மறைகிறது, அவ்வளவுதான் தெரிகிறது. கடைசியில் தங்கள் கல்யாண கேசட்டிலிருந்து எடுத்து வைத்திருந்ததையும் போட்டுப் பார்த்தார். அக்கினியைச் சுற்றுகிறார்கள். அவர் அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்து முன்னால் போகிறார், பின்னால் மாலையும் குனிந்த தலையுமாக ஒரு குவியல் வருகிறது. அது நடையா. அவர் எந்தப் பக்கம் இழுக்கிறாரோ அந்தப் பக்கம் வருகிறது. முன்னால் போகிற மாப்பிள்ளை நிமிர்ந்து, கொஞ்சம் கர்வமாக, பின்னால் ஒருதரம்கூடத் திரும்பாமல் போகிறான். யாரடா நீ, என்று அவருக்குக் கேட்கத் தோன்றியது. சுடர் மறுபடி போன் செய்து, கிடைச்சுதாப்பா, என்றாள். கிடைக்கல, நானே வரைஞ்சிடறேன், என்றார். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். எனக்குத் தெரியாத நடையா.

இடுப்புதான் விஷயம் என்று நேற்றுப் புரிந்தது. நேற்று வரைக்கும் அவள் உடம்பு ஒரே உயரத்தில் வண்டிபோலப் போய்க்கொண்டிருந்தது, அதனால்தான் உயிர் இல்லை. ஒரு காலில் பாரம் இறங்கும்போது உடம்பு சற்றுத் தாழ வேண்டும், மற்ற கால் அதைக் கடக்கும்போது எழ வேண்டும், கடலில் படகு மாதிரி. தாழும்போது முட்டி மடிந்து அந்தப் பாரத்தை வாங்க வேண்டும். வலது கால் முன்னால் போனால் இடது கை முன்னால் போக வேண்டும், ஆனால் காலோடு சேர்ந்தே போகக் கூடாது, ஒரு பிரேம் பிந்திப் போக வேண்டும், கை என்பது தோளில் தொங்குகிற பொருள், அதற்கு இழுபட நேரம் வேண்டும். ஒன்றொன்றாகச் செய்தார். ஒவ்வொன்றும் செய்யச் செய்ய திரையில் இருந்தவள் தரையில் இறங்கினாள். பாரம் வந்தது. பாதம் தரையில் படும்போது தரை இருப்பது தெரிந்தது. நல்ல நடை. பயிற்சிப் பிரிவில் இருந்தபோது இப்படி ஒன்று செய்திருந்தால் கேண்டீனில் காபி வாங்கிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் யார் இது. முட்டி எங்கே மடியும் என்று தெரியாமல் ஒரு இடத்தில் மடித்தார், எவ்வளவு தூரம் எட்டு வைப்பாள் என்று தெரியாமல் ஒரு தூரம் வைத்தார், தெரியாத இடத்திலெல்லாம் கை தானாக எதையோ போட்டுக்கொண்டே போனது, இன்றைக்குக் காலையில் திறந்து பார்த்தால் அகலமாக எட்டு வைத்து, தோளை முன்னால் தள்ளி, நேரே ஒரு இடத்தைக் குறிவைத்துப் போகிற ஒருவன். கொண்டை வைத்திருக்கிறான், அவ்வளவுதான். கேட் வாசலில் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று போகிறவன். அக்கினியைச் சுற்றிய அதே மாப்பிள்ளை. தெரியாத இடத்தில் என்னைப் போட்டு நிரப்பியிருக்கிறேன். அதனால்தான் அதை ஒதுக்கிவிட்டு இன்றைக்குப் புதிதாகத் தொடங்கினார், கால் மறுபடி வழுக்க ஆரம்பித்தது. கூடவே இருந்தவளுக்கு முட்டி எங்கே மடியும் என்று தெரியவில்லை. இப்போது தெரியும், இப்போது தினமும் அந்த முட்டிக்கு எண்ணெய் தடவுகிறேன், ஷபானா சொன்ன மாதிரி மடக்கி நீட்டுகிறேன், ஆனால் இது நடந்த முட்டி இல்லை, நடக்க மறந்த முட்டி. மூச்சு. கேட்கவில்லை. இல்லை, கேட்கிறது, புரண்டு படுத்திருக்கிறாள்.

நினைத்துப் பார். எங்காவது அவள் நடந்து நீ பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்குள் பார்த்திருக்கிறேன், அடுக்களையிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து கொல்லைக்கு, ஆனால் வீட்டுக்குள் யாரும் நடப்பதில்லை, ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்குத் திரும்புகிறார்கள். தெருவில். கடைவீதியில். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் அவர் இரண்டு கையிலும் பையோடு முன்னால் ஓடுகிறார், பெங்களூர் வண்டியில் இடம் பிடிக்க. வல்லி எங்கே. பின்னால். சந்தையில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போகிறார். வல்லி பின்னால். மலைக்கோயிலுக்கு ஏறும்போது படிக்கட்டில் முன்னால் போகிறார், மேலே போய் நின்று வேர்வை துடைத்துக்கொண்டு கீழே பார்க்கிறார், பார்க்கிறபோது அவள் கடைசிப் படிக்கு வந்துவிட்டாள், சிரிக்கிறாள். ஒரு படி முன்னால் பார்த்திருந்தால். அவளை வேண்டுமென்று விட்டுவிட்டுப் போனதில்லை. கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, கேஸை மூடினோமா என்று யோசித்து, மறுபடி திறந்து போய்ப் பார்த்து, அவள் வருவதற்குள் அவர் தெருமுனை தாண்டியிருப்பார், அப்படியே பழகிவிட்டது. அவர் அப்பாவும் அப்படித்தான் போனார், அப்பாவுக்குப் பின்னால் அம்மாவும் அப்படித்தான் வந்தாள், தெருவில் யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது. சுடர் கல்யாணமாகி வந்தபோது அவளும் மாப்பிள்ளையும் கை கோத்துக்கொண்டு கடைக்குப் போனார்கள், பார்த்துவிட்டு வல்லி, பாருங்க எப்படிப் போறாங்கன்னு, என்றாள். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ம் என்றார். அந்த ம் இப்போது எங்கிருந்தோ திரும்பி வந்து நெஞ்சுக்குழியில் உட்கார்ந்துகொள்கிறது. அப்போது எழுந்திருந்தால். எழுந்து வா நாமும் போகலாம் என்று சொல்லியிருந்தால் அவள் என்ன செய்திருப்பாள், சிரித்திருப்பாள், உங்களுக்கு என்ன ஆச்சு என்று கேட்டிருப்பாள். ஆனால் வந்திருப்பாள். பக்கத்தில் வந்திருப்பாள்.

வாசலில் யாரோ போகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணாக இருக்கும், ரப்பர் செருப்புச் சத்தம், சரக் சரக் என்று ஒரே அளவாக வந்து ஒரே அளவாகத் தேய்ந்தது. அருணகிரி மவுஸிலிருந்து கையை எடுத்தார். இந்தச் சத்தம் வல்லி இல்லை. எப்படித் தெரிந்தது. இதைக் கேட்டவுடனே, யோசிக்காமலே, வல்லி இல்லை என்று தெரிந்ததே எப்படி. அவள் சத்தம் வேறு. அவள் சத்தம் ஒரே அளவாக வராது. ஒரு கால் நீளமாக இழுக்கும், மறு கால் குட்டையாகத் தட்டும், சரக், சக், சரக், சக், நடுநடுவே இரண்டு மூன்று தட்டு சேர்ந்தாற்போல வரும், பிறகு மறுபடி சரக், சக். பஸ் ஸ்டாண்டில், சந்தையில், கல் பாவிய தெருவில், மண் ரோட்டில், எங்கே போனாலும் முதுகுக்குப் பின்னால் அது வந்துகொண்டே இருந்தது. அது நின்றால் அவளை யாரோ நிறுத்திப் பேசுகிறார்கள் என்று அர்த்தம், அவர் திரும்பாமலே, வா வா நேரமாச்சு, என்பார், மறுபடி அது கிளம்பும். சத்தம் இருந்ததால் திரும்ப வேண்டியிருக்கவில்லை. கண்ணில் அவள் நடை இல்லையே தவிர காதில் முழுசாக இருக்கிறது, ஒரு தட்டுகூடக் குறையாமல். இது போதும். அனிமேஷனில் பாதி அதுதானே, எந்தக் கால் எப்போது தரையைத் தொடுகிறது என்று தெரிந்தால் மீதியை உடம்பு சொல்லிவிடும். மேஜை மேல் இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார். சரக், சக். இல்லை, இன்னும் கொஞ்சம் இழு. சரக், சக். ஆமாம். விரல் தட்டுகிற தட்டெல்லாம் பாதம் விழுகிற இடமாக வைத்தார். நீளமான தட்டுக்கு அகன்ற எட்டு, குட்டையான தட்டுக்குக் குறுகிய எட்டு. இப்படி ஒரு கால் நீண்டு ஒரு கால் குறுகினால் உடம்பு எப்படி இருக்கும், முன்னால் சாயும், தலை உடம்புக்கு முன்னால் போகும், கழுத்து நீளும். ஒரு கை வீசும், ஒரு கை வீசாது, வீசாத கையில் பை இருக்கும், பர்ஸ் இருக்கும், சுடர் சின்னவளாக இருந்தபோது சுடரின் கை இருந்திருக்கும். இரண்டு மூன்று தட்டு சேர்ந்து வரும் இடத்தில் முட்டி அதிகம் மடியாமல் சின்னச் சின்னதாக ஒரு துள்ளல். ஓடவிட்டார்.

வல்லி வந்தாள். தலை வட்டத்தில் முகம் இல்லை, கொண்டையை அழித்துவிட்டிருந்தார், புடவை இல்லை, எதுவும் இல்லை, கோடுகள் மட்டும், அந்தக் கோடுகளில் வல்லி திரையின் ஒரு ஓரத்திலிருந்து வந்து மறு ஓரத்தில் போய் மறைந்தாள், மறுபடி வந்தாள். அவருக்குக் கழுத்தின் பின்பக்கம் கூசியது. இத்தனை வருஷமாகப் பின்னால் வந்துகொண்டிருந்ததை இப்போதுதான் திரும்பிப் பார்த்ததுபோல இருந்தது. பாதம் நழுவவில்லை, பாரம் இறங்குகிறது, கை பிந்தி வருகிறது, எல்லாம் தானாகவே சரியாக இருந்தன, சத்தம் சரியாக விழுந்ததும் எல்லாமே சரியாகிவிட்டன. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இவள்தான். இவள்தான் என்னோடு வந்தவள். எழுப்பிவிடலாமா என்று தோன்றியது, வேண்டாம், அவளாக எழட்டும். ஷபானாவுக்கு அனுப்ப வேண்டும். சுடருக்கு அனுப்ப வேண்டும், பெயர் போடாமல் அனுப்பி, யாருன்னு சொல்லு பாப்போம் என்று கேட்க வேண்டும். இதைப் பார்த்து வல்லியின் கால் ஞாபகப்படுத்திக்கொள்ளும், அந்த மக்குக் கால், பார்த்து வெட்கப்பட்டு எழுந்து நடக்கும். இப்படியெல்லாம் நம்பக் கூடாது என்று தெரியும். ஆனால் உள்ளே நம்பிக்கை பொங்கியது, அடக்க முடியவில்லை.

"என்னங்க."

எழுந்துவிட்டாள். அவர் போய் அவளை உட்காரவைத்து, இடது கையை மடியில் எடுத்து வைத்து, தண்ணீர் கொடுத்தார். வாயின் இடது ஓரத்தில் வழிந்ததைத் துண்டால் ஒற்றினார். பிறகு சக்கர நாற்காலியில் தூக்கி வைத்துக் கம்ப்யூட்டர் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஒண்ணு காட்டறேன். யாருன்னு தெரியுதான்னு பாரு."

வல்லி பார்த்தாள். பேச்சு இப்போது மெதுவாகத்தான் வரும், சில எழுத்துகள் தடுக்கும். "பொம்பள மாதிரி இருக்கு," என்றாள்.

"அப்புறம்?"

"ஏதோ அவசரம் அவளுக்கு."

"நீதான் அது."

குச்சி மனுஷி போய் மறைந்து, மறுபடி வந்தாள். மறுபடி. வல்லியின் வலது கை விரல்கள் நாற்காலிப் பிடியின் மேல் மெல்ல அசைந்தன. "ஆமா," என்றாள். "நான்தான். எப்படிங்க பண்ணீங்க இத."

"சத்தத்த வெச்சுப் பண்ணேன். உன் செருப்புச் சத்தம்."

"நல்லா வந்திருக்கு," என்றாள். பிறகு, "இது நான் உங்க பின்னாடி வர்றது," என்றாள்.

"அதான். அதத்தான் பண்ணியிருக்கேன்."

"அது நடக்கறது இல்லீங்க. உங்கள எட்டிப் பிடிக்கறது. நீங்க ஒரு எட்டு வெச்சா நான் ரெண்டு வெக்கணும், அப்பவும் விட்டுப்போயிடும், கொஞ்சம் ஓடணும். பாருங்க, இங்க ஓடறா." துள்ளல் வரும் இடத்தைக் கண்ணால் காட்டினாள். குற்றம் சொல்கிற குரல் அதில் இல்லை. வழி சொல்வதுபோலச் சொன்னாள். "எனக்கு நடை இப்படி வராது."

அருணகிரி துள்ளல் வரும் இடத்தை மறுபடி பார்த்தார். பின்னால் வந்துகொண்டே இருந்ததே. அத்தனை தெருவிலும். அதைத்தான் இவள் நடை என்று நினைத்தேன். "பின்ன எப்படி வரும்," என்று கேட்டார்.

"நீங்க மொத ஷிப்டு போனப்புறம் சுடர ஸ்கூல்ல விட்டுட்டு வருவேன்ல. அப்ப ஏரிக்கரையச் சுத்தி வருவேன். அந்தப் பக்கம் ரோஜாத் தோட்டம் போட்டிருந்தாங்க, அது ஓரமா. மெதுவாத்தான் வருவேன். ஒரு மணி நேரம்கூட ஆயிடும் சில நாளு."

"ஏரிக்கரையா? சொன்னதே இல்லையே நீ."

"நடந்து வந்தேன்னு சொல்றதுக்கு என்ன இருக்கு."

அவர் ஷிப்டில் யாரையோ ஏணியிலிருந்து விழவைத்துக்கொண்டிருந்தபோது இவள் ஏரிக்கரையில் நடந்திருக்கிறாள். தினமும். சுடர் பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும். அவருக்குத் தெரியாத ஒரு நடை, அவருக்குக் கேட்காத ஒரு சத்தம், செருப்பு எப்படி ஒலித்திருக்கும் அங்கே, மண்ணில், யாரையும் எட்டிப் பிடிக்க வேண்டாதபோது. அதைக் கேட்டவர்கள் யாராவது இருப்பார்களா, தோட்டத்து வாட்ச்மேன், மாடு மேய்க்கிறவர்கள். எனக்கு மட்டும்தான் தெரியாது. "அப்ப எப்படி நடப்ப, சொல்லு," என்றார்.

"எனக்கு எப்படித் தெரியும். நானா பாத்தேன்."

"ஞாபகமாவது இருக்கும்ல."

அவள் யோசித்தாள். "இவள கொஞ்சம் மெதுவா விடுங்க."

அவர் எட்டுக்கு எட்டு நடுவில் பிரேம்களைச் சேர்த்தார். குச்சி மனுஷி நிதானமானாள். "இன்னும்," என்றாள் வல்லி. இன்னும் சேர்த்தார். மெதுவானதும் எல்லாம் கெட்டுப்போயிற்று, வேகத்தில் தெரியாத கோணல்களெல்லாம் வெளியே வந்தன, முன்னால் சாய்ந்த உடம்பு இப்போது விழப்போகிற உடம்பாகத் தெரிந்தது. முதுகுக் கோட்டை நிமிர்த்தினார். இரண்டு எட்டையும் ஒரே அளவாக்கினார். கையில் பை வேண்டாம் என்றாள், பையை சுடர் கொண்டுபோயிடுவா, கை சும்மாத்தான் இருக்கும் என்றாள். தலை நேராகப் பார்க்கக் கூடாது என்றாள்.

"எந்தப் பக்கம் பாக்கணும்?"

"தண்ணிப் பக்கம்."

தலை வட்டத்தைச் சற்றுத் திருப்பி, சற்றுத் தாழ்த்தினார். முகம் இல்லாத வட்டத்துக்கு எந்தப் பக்கம் தண்ணீர் என்று எப்படித் தெரியும், ஆனால் திருப்பியதும் தெரிந்தது, உடம்பு ஒரு பக்கமும் மனசு ஒரு பக்கமுமாகப் போகிற மாதிரி ஆகிவிட்டது.

"நடுவுல நிக்கட்டும்."

"நின்னா அது நடையில்ல வல்லி. ஷபானாவுக்கு நடைதான் வேணும்."

"நிக்கறதும் சேத்திதாங்க," என்றாள். "நிப்பேன். அப்புறம் போவேன். யாரும் கூப்பிட மாட்டாங்கல்ல."

அவர் காதில் தன் பழைய குரலே கேட்டது. வா வா நேரமாச்சு. குனிந்து மவுஸைப் பார்த்துக்கொண்டு, குச்சி மனுஷியை நடுவில் நிறுத்தினார். பாரம் ஒரு காலில் இறங்கி, மற்ற முட்டி லேசாகத் தளர்ந்து, கைகள் வீசி முடித்து அடங்க ஒரு கணம் எடுத்து, நின்றாள். எதற்காகவும் இல்லாமல் நின்றாள். பிறகு போனாள். இதுவரை வரைந்ததில் இதுதான் நன்றாக வந்தது என்று அவருக்குத் தெரிந்தது, தெரிந்ததில் சந்தோஷம் இல்லை. இந்தப் பெண்ணை அவர் பார்த்ததில்லை. தெருவில் எதிரே வந்திருந்தால் யாரோ என்று ஒதுங்கி வழிவிட்டிருப்பார்.

"சரியா இருக்கா?"

"தெரியல," என்றாள் வல்லி. "ஆனா பாத்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு." வாயின் சரியான பாதியால் சிரித்தாள். கால், நாற்காலியின் படியில் செருகியிருந்த அந்த இடது கால், அசையவில்லை. அவர் அதைப் பார்த்தார், அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையில் நிறைய இடம் இருந்தது, வெறும் வெள்ளை. "பின்னாடி ஒரு ஆள போடட்டுமா," என்று கேட்டார். "தூரத்துல. மெதுவா வர்ற மாதிரி. தொந்தரவு பண்ண மாட்டான்."

குச்சி மனுஷி வந்தாள், தண்ணீர்ப் பக்கம் பார்த்தாள், நின்றாள், போனாள். அவளுக்குப் பின்னால் யாரையும் வைத்துப் பார்க்க முடிகிறதா என்று யோசிக்கிறவளைப்போல வல்லி தலையைக் கொஞ்சம் சாய்த்தாள். பிறகு அவர் கைமேல் தன் வலது கையை வைத்தாள், மவுஸோடு சேர்த்து.

"வேணாங்க," என்றாள். "இன்னும் கொஞ்ச தூரம் அவ தனியாவே போகட்டும்."